பதினாறு விரல் வள்ளம்

வடதாழையில் கடல் திருப்பித் தராத மனிதருக்கும் கல்லறை உண்டு. கல்லறைக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அவர் கடைசியாகப் போன வள்ளம், முழத்துக்கு ஒரு விரல் என்ற கணக்கில் சுருங்கி, ஏரா என்கிற அடிக்கட்டை முதல் அணியம் என்கிற முன்முனையில் குத்திய சிலுவை வரை ஒன்றும் குறையாமல், பெரிய வள்ளத்தில் என்னென்ன பூவும் மீனும் தீட்டியிருந்ததோ அத்தனையும் அதே நிறத்தில் தீட்டப்பட்டு, முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு மண்ணுக்குள் இறங்கிவிடும். அளக்கிற விரல் யாருடைய விரலாகவும் இருந்துவிட முடியாது, போனவரோடு ஒரே வயிற்றில் பிறந்தவருடைய ஆட்காட்டி விரலாக இருக்க வேண்டும். பெட்டியில் வைப்பதற்கு முன் உபதேசியார் வள்ளத்தின் பேரையும் மனிதரின் பேரையும் சேர்த்து மூன்று தரம் கூப்பிடுவார். மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகு அது மரம் அல்ல, அந்த மனிதர்தான். அதன் முன்னால் யாரும் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள், கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள். வேத புத்தகத்தில் இப்படியெல்லாம் இல்லை என்று புதிதாக வருகிற ஒவ்வொரு பங்குச் சாமியாரும் முதல் வருடம் கண்டிப்பார், இரண்டாம் வருடம் பேசாமல் இருப்பார், மூன்றாம் வருடம் தீர்த்தம் தெளிக்கத் தாமே வந்து நிற்பார்.

பெரிய வள்ளங்களைக் கட்டுகிறவர்தான் சின்ன வள்ளங்களையும் செய்வார். படகுத் தச்சரை அந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். வடதாழையின் ஓடாவி தஸ்நேவிஸ். அறுபத்திரண்டு வயது, குட்டையான ஆள், காது மடலில் எப்போதும் ஒரு பென்சில். அவர் கையால் கடலில் இறங்கிய வள்ளங்கள் நூற்றைத் தாண்டும், மண்ணில் இறங்கியவை பதினொன்று. அந்தப் பதினொன்றும் மரத்தின் எடைதான் இருந்தன, ஒரு கையால் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற எடை.

பன்னிரண்டாவது கஸ்பாருடையது. கஸ்பாருக்கு இருபத்தெட்டு வயது. போன ஐப்பசியில் கலியாணம் முடித்து, அதே வாரத்தில் சம்மனசு, அதாவது வானதூதர், என்று பேர் வைத்துப் பதினாறு முழத்தில் புது வள்ளம் இறக்கினான். ஆவணிப் பாதியில் ஒரு மத்தியானம், கூட வேலை பார்த்த இரண்டு பேரும் காய்ச்சலில் படுத்துக் கிடந்ததால், பக்கத்துப் பாறைப் பாரில் போட்டிருந்த வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன், சோற்றை மூடி வை என்று மனைவி மெற்றில்டாவிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனான். ஒரு மணி நேர வேலை. திடீரென்று கச்சான் காற்று எழும்பியது, கடலில் இருந்த மற்ற வள்ளங்கள் அடித்துப் பிடித்துக் கரைக்கு வந்துவிட்டன, சம்மனசு வரவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு துடுப்பு கிடைத்தது.

தஸ்நேவிஸ் கஸ்பாரின் அக்கா சவேரியம்மாளின் விரலில் நூல் சுற்றி அளவெடுத்து, ஒரு சாணும் நான்கு விரலும் நீளத்தில், அயினி மரத்தில் சின்னச் சம்மனசைச் செய்தார். வலப் பக்கத்தில் பூ, இடப் பக்கத்தில் இறக்கை விரித்த சம்மனசு, பின்பக்கம் இரண்டு மீன்கள். இருபது நாள் எடுத்தது. முப்பதாம் நாள் காலை அதைத் துணியில் சுற்றி மெற்றில்டாவின் வீட்டுக்குக் கொண்டுபோய் முன்னறையில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்தார். உபதேசியார் இஞ்ஞாசி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சம்மனசே, கஸ்பாரே என்று மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் கூப்பிட்டு வாயை மூடியதும் ஸ்டூலின் நான்கு கால்களும் நான்கு பக்கம் விரிந்தன, வள்ளம் சாயாமல் சரியாமல் நேரே சிமெண்டுத் தரையில் வந்து உட்கார்ந்தது, தரையில் ஒரு கீறல் விழுந்து அடுக்களை வரை ஓடியது.

ஸ்டூல் பழசு என்றாள் சவேரியம்மாள். பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி இரண்டு பேர் வள்ளத்தைத் தூக்கப் போனார்கள், அது அசையவில்லை. நான்கு பேர் முயன்றார்கள், எட்டுப் பேர் முயன்றார்கள். கடைசியில் யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்துப் பதினாறு பேரைச் சுற்றி உட்கார வைத்தார். சாணும் நான்கு விரலும் நீளமுள்ள ஒரு பொருளில் பதினாறு பேர் எங்கே கை வைப்பது, ஆளுக்கு ஒரு விரல் வைக்கத்தான் இடம் இருந்தது, ஆனால் வள்ளம் தள்ளும்போது பாடுகிற அம்பாப் பாட்டை ஒருவர் எடுத்துக் கொடுக்க, பதினாறு பேரும் ஒரே மூச்சில் விரலை அழுத்தியபோது வள்ளம் ஒரு நெல் நீளம் நகர்ந்தது. அப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வடதாழையில் வள்ளம் தள்ள முழத்துக்கு ஓர் ஆள். சம்மனசைத் தள்ள எப்போதும் பதினாறு பேர்தான். சின்னதாக ஆனதில் சம்மனசு நீளத்தையும் அகலத்தையும் விட்டுக்கொடுத்திருந்தது, பாரத்தை மட்டும் விடவில்லை.

யாரும் அலறவில்லை. கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் எதற்கும் சீக்கிரம் ஆச்சரியப்படுவதில்லை, அடுத்து என்ன செய்வது என்றுதான் பேசுவார்கள். பெட்டியைத் தூக்கித்தான் குழியில் இறக்க வேண்டும், தள்ளிக்கொண்டு போய்க் குழியில் கவிழ்ப்பது செத்தவருக்கு மரியாதை இல்லை. ஆகவே தூக்க முடியாத வள்ளத்தைப் புதைக்க முடியாது. புதைக்காதவரை கஸ்பார் செத்தவன் இல்லை. அப்படியென்றால் மெற்றில்டா மனைவியா, கைம்பெண்ணா? அன்றைய பூசை நடந்தது, சாப்பாடு நடந்தது, பெட்டியை வெறும் பெட்டியாகவே மூடி மூலையில் சாத்தினார்கள்.

தஸ்நேவிஸ் சாப்பிடாமல் எழுந்து போனார். வள்ளம் ஏன் எழும்பவில்லை என்று அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அதைச் சொல்லிவிடலாம், மறைக்க வேண்டியது அவருக்கிருந்ததே தவிர நமக்கில்லை. எந்த மரத்துக்கும் நடுவில் வைரம் உண்டு, பட்டையை ஒட்டி வெள்ளை உண்டு. வைரம் உப்புத் தண்ணீரில் முப்பது வருடம் நிற்கும், வெள்ளையைத் தண்ணீரும் பூச்சியும் தின்றுவிடும். பெரிய சம்மனசின் வலப் பக்கத்து மூன்றாம் பலகையில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு முழ அகலத்துக்கு வெள்ளை ஓடியிருந்தது. கலியாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது, வேறு பலகை அறுத்து வாட்டி வளைக்கப் பத்து நாள் வேண்டும், வள்ளம் இறங்குகிற தேதியைச் சாமியார் கோயிலில் வாசித்தாகிவிட்டது. அடுத்த வருடம் வண்ணம் புதுப்பிக்க வரும்போது மாற்றிவிடலாம் என்று தஸ்நேவிஸ் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, வெள்ளையின் மேல் இரண்டு பூச்சு எண்ணெய் கொடுத்து, அதன் மேல் ஒரு செம்பருத்தியைத் தீட்டினார். செம்பருத்திக்கு இதழ் ஐந்துதான். அவர் எட்டுப் போட்டார், ஏனென்றால் வெள்ளை அவ்வளவு தூரம் ஓடியிருந்தது.

அந்தப் பூதான் ஊரின் கண்ணைப் பறித்தது. எட்டிதழில், நடுவில் மஞ்சள் தண்டோடு, வள்ளம் அலையில் ஏறி இறங்கும்போது மலர்ந்து குவிவதாகத் தோன்றும். அந்த வருடம் வண்ணம் பூச வந்தவர்கள் எல்லோரும் கஸ்பார் பூ வேண்டும், கஸ்பார் பூ வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். இப்போது வடதாழைக் கரையில் பதினேழு வள்ளங்களில் எட்டிதழ்ச் செம்பருத்தி இருக்கிறது, அந்தப் பதினேழின் அடியிலும் நல்ல வைரம் பாய்ந்த மரம் இருக்கிறது. சின்னச் சம்மனசைச் செய்தபோதும் தஸ்நேவிஸ் மூன்றாம் பலகையை நல்ல வைரத்தில்தான் செய்தார். செத்தவனுக்காவது நல்ல பலகை கொடுப்போம் என்று நினைத்தார். தாம் மறுபடியும் பொய் சொல்கிறோம் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

ஊர் காரணம் தேடியது. முதலில் சவேரியம்மாளின் விரலைச் சந்தேகித்தது, கருவாட்டு உப்பில் ஊறி விரல் தடித்துப் போயிருக்கும் என்றார்கள். அவள் இரண்டு நாள் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே நடமாடினாள். அப்புறம் அளவில் தப்பில்லை, ஜோடனையில்தான் எங்கேயோ தப்பு என்று முடிவானது. ஒவ்வொருவராக வந்து, வள்ளத்தைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, தங்களுக்கு ஞாபகமிருந்த சம்மனசைச் சொன்னார்கள். காய்ச்சலில் படுத்ததால் பிழைத்த இரண்டு பேரும் வந்து, நங்கூரக் கயிறு இடப் பக்கத்து வளையத்தில்தான் கிடக்கும் என்றார்கள். வலை பின்னுகிறவர் வந்து பாய்மரத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு என்றார். பின்பக்கத்து மீனில் ஒன்றுக்குக் கண் பச்சை என்றாள் ஒருத்தி, தினமும் அந்த மீனைப் பார்த்துக்கொண்டுதான் கரையில் காத்திருப்பாளாம். தஸ்நேவிஸ் ஒவ்வொன்றையும் திருத்தினார். விரல்நகம் அளவு நங்கூரத்தை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைக்க மூன்று பேர் மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. திருத்தத் திருத்த வள்ளம் அச்சு அசலாகச் சம்மனசாகவே ஆகிக்கொண்டு வந்தது, ஆனால் தரையை விட்டு எழும்பவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போகும்போது ஒன்று சொன்னார்கள், அந்தப் பூ மட்டும் அப்படியே இருக்கு, அதுல ஒரு குறையும் கிடையாது. அதைக் கேட்கும்போதெல்லாம் தஸ்நேவிஸ் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடியும் காதிலேயே வைத்துக்கொண்டார்.

மாதம் ஒன்று ஓடுவதற்குள் ஊர் அந்தப் பாரத்தோடு பழகிவிட்டது. காற்றடித்த நாட்களில் கடலுக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை பாரமான வள்ளம் கரையில் இருக்கும்போது கடல் அடங்கி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை எங்கிருந்தோ முளைத்தது. தொலைந்த படகுகளைக் கணக்கெடுக்க வந்த ஒரு குமாஸ்தா, பதிவு எண் சரியாக இருந்ததால், நீளம் ஒரு சாண் நான்கு விரல், தள்ள ஆள் பதினாறு, நிலை முன்னறையில் உள்ளது என்று எழுதிக்கொண்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். கடலுக்கே தள்ளிவிடலாம், பதினாறு பேர் போதுமே என்று சில ஆண்கள் ஒரு நாள் பேசிக்கொண்டு வந்தார்கள். மெற்றில்டா அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"கடலுக்கு ஒரு தடவ குடுத்தாச்சு. இனிமே மண்ணுக்குத்தான்" என்றாள். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. முன்னறையைப் பெருக்கும்போது வள்ளத்தைச் சுற்றிப் பெருக்கினாள், பாய் விரிக்கும்போது அதற்கு இடம் விட்டு விரித்தாள். கோயிலில் மனைவிமார் உட்காரும் பக்கமும் போகாமல் கைம்பெண்கள் உட்காரும் பக்கமும் போகாமல் கதவை ஒட்டி நின்றே பூசை கண்டாள். சாயங்காலமானால் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். முப்பதாம் நாளுக்காக வெட்டிய குழி அப்படியே திறந்து கிடந்தது. மணல் பூமி, விடிந்தால் பாதி சரிந்திருக்கும். அவள் குழிக்குள் இறங்கி, சரிந்த மணலைச் சிரட்டையால் அள்ளி அள்ளி வெளியே போட்டு, ஆழம் குறையாமல் பார்த்துக்கொண்டாள். கல்லறைத் திருநாள் வருகிறது, அன்றைக்கு ஊரில் அத்தனை பேரும் அவரவர் ஆட்களின் தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றுவார்கள், குழியில் போய் யார் திரி ஏற்றுவார்கள் என்று சவேரியம்மாளிடம் ஒரு தரம் கேட்டாளாம். சவேரியம்மாள் இதைத் தஸ்நேவிசிடம் சொன்னபோது அவர் மரம் செதுக்குகிற வாச்சியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, பயந்தவர். நாற்பது வருடம் இந்தக் கரை அவர் கையை நம்பிக் கடலுக்குப் போயிருக்கிறது. ஒரு பலகையைப் பற்றி வாயைத் திறந்தால் நூறு வள்ளங்களின் பலகைகளையும் தட்டிப் பார்ப்பார்கள். அதைவிட அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். யோசித்து யோசித்து ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் மூன்று ஜெபமாலை சொல்லச் சொல்லிப் பாவம் மன்னித்தார். தஸ்நேவிஸ் மூன்றுக்கு ஆறாகச் சொல்லிவிட்டு நேரே மெற்றில்டாவின் வீட்டுக்குப் போய், நங்கூரத்தைச் சரி பார்க்கிறவர் மாதிரி குனிந்து, வள்ளத்தைத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. ஆண்டவர் மன்னித்தது ஆண்டவர் பாட்டுக்கு, இது வேறு கணக்கு என்று அவருக்கு உறைத்தது.

சகல புனிதர் திருநாள் வந்தது. மறுநாள் கல்லறைத் திருநாள். சகல புனிதர் திருநாளன்று வடதாழையில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், மத்தியானச் சோறு முடிந்ததும் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சிலுவைகளுக்கு வெள்ளையடித்து, புல் பிடுங்கி, பூமாலை கட்டுவார்கள். தஸ்நேவிஸ் தம் மனைவியின் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது நான்கு வரிசை தள்ளி மெற்றில்டா தெரிந்தாள். அவளும் சுண்ணாம்பு கொண்டு வந்திருந்தாள். அடிக்க அவளுக்குச் சிலுவை இல்லை, மேடை இல்லை. குழியின் விளிம்பைச் சுற்றி, உதிர்கிற மணலின் மேலேயே, மட்டையைத் தோய்த்துத் தோய்த்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். அடித்த இடம் உடனே உள்ளே சரிந்தது, அவள் திரும்பவும் அடித்தாள். தஸ்நேவிசின் கையிலிருந்த மட்டை கீழே விழுந்தது. ஐயோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அவர் வாய்விட்டே சொன்னார், பக்கத்தில் இருந்தவர்கள் மனைவியை நினைத்து அழுகிறார் என்று எண்ணிக்கொண்டார்கள்.

அவர் தம் பட்டறைக்குப் போனார். பட்டறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உருவினார். அது பெரிய சம்மனசின் மூன்றாம் பலகையில் வெட்டிக் கழித்த துண்டு, ஒரு வருடமாக அங்கேதான் இருந்தது. பாதி வைரம், பாதி வெள்ளை. வெள்ளைப் பாதியில் அதற்குள் பூச்சி துளைத்திருந்தது, நகத்தால் கீறினால் மாவு உதிர்ந்தது. அதிலிருந்து விரலகலத்தில் நீளப் பட்டை ஒன்றைச் சீவி எடுத்து, உளியையும் சின்னச் சுத்தியையும் சிவப்பு வண்ணக் குப்பியையும் மடியில் கட்டிக்கொண்டு, மெற்றில்டாவின் வீட்டுக்கு நடந்தார். போகிற வழியில் உபதேசியாரையும் சவேரியம்மாளையும் வரச் சொன்னார், கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பி மெற்றில்டாவையும் வரச் சொன்னார். ஓடாவிக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று பேச்சுப் பரவி, சுண்ணாம்புக் கையோடு ஊரே வாசலில் வந்து நின்றது.

அவர் வள்ளத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலப் பக்கத்து மூன்றாம் பலகையின் ஆணிகளைக் கழற்றினார். மூன்று பேர் வந்து கை கொடுக்கக் குனிந்தார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எட்டிதழ்ச் செம்பருத்தி தீட்டிய அந்தப் பலகையை இரண்டு விரலால் எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார். நங்கூரத்துக்கு மூன்று பேர் வேண்டியிருந்த வள்ளத்தில் அந்தப் பலகை ஒரு சருகு எடைகூட இல்லை.

"இது சம்மனசோட பலகை இல்ல தாயி" என்றார் தஸ்நேவிஸ். "இதான் அதோட பலகை." பூச்சி அரித்த பட்டையை அவள் முன்னால் வைத்தார். "வெள்ளை ஓடுன மரம். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன். மறைக்கத்தான் பூ போட்டேன்."

மெற்றில்டா அந்தப் பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவள் கையிலிருந்த சுண்ணாம்பு அதில் ஒட்டியது. துளைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இதனாலதான் போனாரா?"

"தெரியாது தாயி. அன்னைக்குக் காத்து பெரிய காத்து. நல்ல பலகையா இருந்தாலும் போயிருக்கலாம். இதனாலயும் போயிருக்கலாம். சாகிற வரைக்கும் எனக்குத் தெரியப்போறதில்ல."

"அவருக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் இத்தனை நாள் பயந்திருந்தார். இறக்குவதற்கு முந்தின நாள் கஸ்பார் பட்டறைக்கு வந்து, ஈரம் காயாத பூவைப் பார்த்துச் சிரித்து, பலகையில் கையை வைத்துத் தடவிக் கேட்டது அவர் காதில் அப்படியே இருந்தது.

"தெரியாது" என்றார். "நல்ல மரந்தான மாமான்னு கேட்டான். வைரம்டான்னு சொன்னேன்."

சவேரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வாசலில் நின்ற ஆண்களில் ஒருவன் உள்ளே வரக் காலெடுத்து வைத்தான், உபதேசியார் அவன் தோளைப் பிடித்தார். மெற்றில்டா அழவில்லை. பட்டையைத் திருப்பி நீட்டினாள். அவர் அதை மூன்றாம் பலகை இருந்த இடத்தில் வைத்து, ஆணி அறைந்தார். எட்டு ஆணிக்கு அரைமணி நேரம் எடுத்தது. அப்புறம் மடியிலிருந்து சிவப்பு வண்ணக் குப்பியை எடுத்தபோது அவள் வேண்டாம் என்றாள். சம்மனசின் வலப் பக்கம் பூ இல்லாமல், வெள்ளை தெரிய, துளை தெரிய இருந்தது. அவ்வளவு அழகான வள்ளத்தில் அது பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் யாரும் கண்ணை எடுக்கவில்லை.

அவள் குனிந்தாள். இரண்டு கையையும் வள்ளத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். அது எழும்பியது. பூசைக்குப் போகிற பெண்கள் ஜெபப் புத்தகத்தை ஏந்துவதைப்போல நெஞ்சோடு ஏந்திக்கொண்டாள். முப்பது நாளும் அதற்கு மேல் முப்பத்து நான்கு நாளும் அடங்கிக் கிடந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது, வள்ளத்தின் அணியத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் அழுதாள், ஊர் தலையைக் குனிந்து நின்றது. அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு தஸ்நேவிசைப் பார்த்தாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவரை ஓடாவி மாமா என்றுதான் கூப்பிட்டு வந்தாள்.

"ஓடாவியாரே, நீரே தூக்கிட்டு வாரும்" என்றாள். மாமா என்பது அதில் இல்லாததை அவர் கவனித்தார்.

அவள் வள்ளத்தைப் பெட்டியில் வைத்து அவர் கைகளில் கொடுத்தாள். கொடுத்த மாத்திரத்தில் அவர் முழங்கால் மடங்கியது. பதினாறு ஆள் பாரமும் அப்படியே இருந்தது, இடம்தான் மாறியிருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வாசற்படியில் கால் வைத்தபோது கல் பிளந்தது. தெருவில் இறங்கியதும் மணலில் கணுக்கால் வரை புதைந்தது, பிடுங்கி எடுத்து அடுத்த அடி வைத்தார், அது கெண்டைக்கால் வரை புதைந்தது. பாரம் என்னவென்று பார்த்தாலே தெரிந்ததால், வள்ளம் தள்ளிப் பழகிய பதினாறு பேர் தாமாகவே முன்னால் வந்தார்கள். மெற்றில்டா திரும்பிப் பார்த்தாள். அவர்கள் நின்றுவிட்டார்கள்.

வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு முந்நூறு அடி தூரம் இருக்கும். முன்னால் உபதேசியார் சிலுவை பிடித்துப் போனார், அவருக்குப் பின்னால் மெற்றில்டா, அவளுக்குப் பின்னால் பெட்டியோடு தஸ்நேவிஸ், அவருக்குப் பின்னால் ஊர். வழக்கமாகப் பாடுகிற பாட்டை யாரும் எடுக்கவில்லை. அவர் மூச்சுவிடுகிற சத்தம்தான் கேட்டது. பத்தடிக்கு ஒரு தரம் நின்றார், கண் இருட்டியது, உள்ளங்கை பிய்ந்து ரத்தம் பெட்டியில் வழிந்தது, ஆனால் இறக்கி வைக்கவில்லை. இறக்கி வைத்தால் மறுபடி தூக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர் நிற்கும்போதெல்லாம் மெற்றில்டாவும் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, நின்றாள். அவர் அடியெடுத்து வைத்த பிறகுதான் அவளும் அடியெடுத்து வைத்தாள். உபதேசியார் அதைப் பார்த்துத் தம் நடையையும் குறைத்துக்கொண்டார், ஊரும் குறைத்துக்கொண்டது. அப்படி ஒரு மெதுவான சாவு ஊர்வலத்தை வடதாழை அதற்கு முன் கண்டதில்லை.

குழியின் விளிம்பில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. அங்கே வந்து நின்ற பிறகுதான் தஸ்நேவிசுக்கு ஒன்று உறைத்தது. பெட்டியை ஒற்றை ஆள் குழிக்குள் இறக்க முடியாது. எவ்வளவு சின்னப் பெட்டியானாலும் இரண்டு முனையிலும் ஆள் வேண்டும், இல்லையென்றால் அது கவிழ்ந்து விழும், இத்தனை தூரம் சுமந்து வந்தது கவிழ்ப்பதற்கு இல்லை. அவர் உதவி கேட்கவில்லை. கேட்கும் உரிமை தமக்கு இல்லை என்று நினைத்தார். முழங்கால் வரை மணலில் புதைந்து, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாறு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, வெள்ளையடித்த சிலுவைகளெல்லாம் பளிச்சென்று நின்றன.

மெற்றில்டா குழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். பெட்டியின் மறு முனையைப் பிடித்தாள். அவள் கைக்கு அது வெறும் மரத்தின் எடைதான், அவள் பிடித்ததால் அவர் பாரம் இம்மியும் குறையவில்லை. ஆனால் பெட்டி ஆடாமல் சமமாக நின்றது.

"மெதுவா இறக்கும், மாமா" என்றாள்.

இரண்டு பேரும் குனிந்து இறக்கினார்கள்.